கால் படாத இடம்

மழை வரப்போகிறது என்று வானொலியில் சொன்னால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள். நான் குளியலறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, தரையின் மூலையில் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது முதலில் ஏப்பம் விடும். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் எனக்குப் பொறுக்க முடியாதது.

எங்கள் வீடு பாரிஸின் லா சப்பேலில், தெருக் கதவைத் திறந்து உள்ளே வந்தால் முற்றத்தின் கடைசியில், இரண்டு படி கீழே இறங்கி இருக்கிறது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, அந்தக் குளியலறை. மொத்தம் நாற்பத்தொரு சதுர மீற்றர். ஒப்பந்தத்தில் நாற்பத்துமூன்று என்று போட்டிருக்கிறார்கள். நான் அளந்து பார்த்தவன். 2009இல் இங்கே வந்தோம். அதற்கு முன்னர் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன பிறகு அவள் மாதக்கணக்கில் தெருவைக் காணாமல் இருந்தாள். இங்கே வந்த முதல் நாளே தடியை ஊன்றிக்கொண்டு தனியே போய் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்தாள். கீரை வாடல்தான். ஆனாலும் அன்று அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

பாரிஸில் மழைத்தண்ணீரும் கழிவுத்தண்ணீரும் ஒரே குழாயில்தான் போகின்றன. பெருமழை பெய்தால் குழாய் நிரம்பித் தண்ணீர் பின்னோக்கி ஏறும். ஏறுகிற தண்ணீர் எல்லாவற்றிலும் தாழ்ந்த ஓட்டையால்தான் வெளியே வரும். எங்கள் கட்டடத்தில் எல்லாவற்றிலும் தாழ்ந்த ஓட்டை எங்கள் குளியலறையில் இருக்கிறது. மூன்று தடவை வந்தது. மூன்றாம் தடவை கணுக்கால் அளவுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியும், இருபது கிலோ அரிசியும், பேரப்பிள்ளைகளின் படங்கள் இருந்த பெட்டியும் நாசமாகின. மனைவி கட்டிலில் கால்களைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் வாளியால் அள்ளி முற்றத்தில் ஊற்றினேன். அது திரும்ப உள்ளே வந்தது.

வீட்டுக்காரர் ஒரு மேசனோடு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை தண்ணீர் ஏறினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன், இதைப் பொருட்கள் வைக்கும் அறையாக மாற்றிவிடுவேன் என்றார். ஒப்பந்தம் முடிய இரண்டு கோடைகாலங்கள் இருந்தன. மழைக்கும் அதுதான் காலம்.

மகள் பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் இருக்கிறாள். தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். அவள் வீட்டில் எங்களுக்கான அறை மேலே, பதினாறு படி ஏறவேண்டும்.

"அங்கை போனால் நான் யன்னலுக்குள்ளாலைதான் உலகத்தைப் பாக்கவேணும்," என்றாள் மனைவி. "எனக்கு இஞ்சையே போதும்."

அந்த மாதம்தான் கட்டட வாசலில் மெரியின், அதாவது நகரசபையின், அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டது. எங்கள் தெருவில் மழைநீரை மண்ணுக்குள் விடும் பாத்திகள் அமைக்கப்போகிறார்களாம். எங்கே அமைப்பது என்று தெருவாசிகளே வந்து சொல்லவேண்டுமாம். நான் அதை நான்கு தடவை வாசித்தேன். மெரி நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது என்றால் முடிவு ஏற்கனவே எடுத்தாகிவிட்டது என்றுதான் அர்த்தம் என்று நினைத்தேன். ஆனாலும் போனேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பத்தொரு பேர். தமிழர் இரண்டு பேர்: நான், எங்கள் வாசலுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி. தம்பி என்றாலும் அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மேசைகளில் தெருவின் பெரிய வரைபடமும் பச்சை நிற மரக்கட்டைகளும் இருந்தன. ஒரு கட்டை ஒரு பாத்தி. மெரியில் இருந்து வந்த பொறியியலாளர் இளம் பெண். நடைபாதை ஓரக்கல்லை வெட்டி, தெருவில் ஓடும் தண்ணீரைப் பாத்திக்குள் விடுவோம், மண்ணும் வேரும் அதைக் குடிக்கும், குழாய்க்குப் போவது குறையும் என்றாள்.

அவளுடைய திட்டத்தில் பாத்திகள் எல்லாம் தெருவின் மேல் முனையில், வெயில் படும் பக்கத்தில் இருந்தன. நான் ஒரு கட்டையை எடுத்துக் கீழ்முனையில், தம்பியின் கடைக்கு முன்னால் வைத்தேன்.

"ஏன் அங்கே?" என்றாள்.

"தண்ணீர் அங்கேதான் வருகிறது," என்றேன். "ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போனாள். பூவாளியில் தண்ணீர் நிரப்பித் தெருவின் நடுவில் ஊற்றினாள். தண்ணீர் ஓரமாய் ஓடி, இரண்டு கார்களுக்கு அடியால் புகுந்து, தம்பியின் கடை வாசலில் வந்து தேங்கி நின்றது. பொருள் இறக்கும் லொறி நிற்கும் இடம் அது. அவள் தம்பியைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமா?" என்றாள். தம்பி தலையை ஆட்டி, ஓம் மதாம், மிகவும் நல்லது மதாம் என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

அவள் போனதும் தம்பி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? என்ரை கடை வாசலிலையோ உங்கட தோட்டம்?"

"இப்பத்தானே ஓம் எண்டு சொன்னீர்."

"ஒரு பொம்பிளைப்பிள்ளை நாலு பேருக்கு முன்னாலை சிரிச்சுக்கொண்டு கேக்குது. இல்லையெண்டே சொல்லுறது? அது மரியாதைக்குச் சொன்ன ஓம்."

"அவ எழுதிப்போட்டா."

"எழுதினால் அழிக்கட்டும். லொறி எங்கை நிக்கும்? கோயில் தேர் வரேக்கை நான் எங்கை தேங்காய் உடைக்கிறது? பாத்திக்குள்ளையோ?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. சபையில் ஓம், வெளியே வந்து இல்லை என்பது எங்களிடம் உள்ள வழக்கம். கோயில் கூட்டம், பள்ளிக்கூடக் கூட்டம், கலியாணப் பேச்சு எல்லாவற்றிலும் உண்மையான கூட்டம் முடிந்த பிறகு செருப்புப் போடும் இடத்தில்தான் நடக்கும். மெரிக்காரர்களுக்குச் செருப்புப் போடும் இடம் இல்லை. அவர்கள் முதல் ஓமோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் நானே அந்தப் பெண்ணைத் தேடிப் போய், லொறி நிற்கும் இடத்தை எதிர்ப்பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் சலூனுக்கு முன்னால் மாற்றித் தரும்படி கேட்டேன். மாற்றினார்கள். தம்பி இறங்கிவந்தார், ஆனால் அவருடைய மனைவியும் கேட்கத்தக்கதாக ஒரு நிபந்தனை வைத்தார்.

"செடி செத்தால் நீங்கள்தான் பொறுப்பு. என்ரை வாசலிலை காய்ஞ்ச சுடலை மாதிரி ஒண்டு கிடக்கக்கூடாது."

பாத்தி வந்தது. ஆறு மீற்றர் நீளம், ஒன்றரை அகலம். யாரும் மிதிக்காமல் இருக்க முழங்கால் உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி. உள்ளே தொண்ணூற்றாறு செடிகள். ஒவ்வொரு காலையும் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகும்போது எண்ணினேன். முதல் கோடையில் ஒரு பெருமழை பெய்தது. குளியலறை ஓட்டை ஏப்பம் விட்டது, பிறகு சத்தமில்லாமல் கிடந்தது. தண்ணீர் வரவில்லை. அன்றிரவு மனைவி பால்கஞ்சி காய்ச்சினாள்.

அதற்குப் பிறகு மழையே இல்லாமல் போனது. ஓகஸ்டில் செடிகள் தொண்ணூறாயின. பிறகு எழுபத்தெட்டு. நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். செத்தவை எல்லாம் வேலியோரத்துச் செடிகள். நுனியில் இருந்து கருகிக்கொண்டு வந்தன. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்திலில் படிவதுபோல இங்கும் படிந்திருக்கிறது என்று எண்ணினேன். காய்ந்த மிளகாய்க் காம்புகளும் கிடந்தன.

மெரிப் பெண் வந்து குந்தியிருந்து பார்த்து, இது உப்பாக இருக்கலாம் என்றாள். இது ஒரு வருடப் பரிசோதனை, அவள் முன்பே சொன்னதுதான். பாத்தி செத்துவிட்டால், தெருவாசிகளும் வேண்டாம் என்றால், ஒக்டோபர் கூட்டத்துக்குப் பிறகு மூடித் தார் போட்டுவிடுவார்கள். முதலாம் மாடியில் நாய் வளர்க்கும் மதாம் ஏற்கனவே இரண்டு கடிதம் போட்டிருக்கிறாளாம், எலி வருகிறது என்று.

மிளகாய்க் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு நேரே தம்பியின் கடைக்குள் போனேன். அவர் உறைந்த மீனும் விற்கிறவர். மீன் பெட்டியில் உருகும் தண்ணீரில் உப்பு இருக்கும் என்று என் மனதில் ஒரு கணக்கு ஓடியது.

"தம்பி, மீன் தண்ணியை எங்கை ஊத்துறீர்?"

"உள்ளை, சிங்குக்குள்ளை."

"பொய் சொல்லாதையும்."

கடைக்குள் ஆறு பேர் நின்றார்கள். காசு வாங்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவியின் கை நின்றது. தம்பி மேசையைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"அண்ணை, வயசுக்குப் பாத்துக் கதைக்கிறன். மிளகாய் நான் மட்டுமோ விக்கிறன்? இந்தத் தெருவிலை எத்தினை கடையிலை மிளகாய் இருக்கு? எண்ணுங்கோ. நீங்கள்தானே எல்லாத்தையும் எண்ணுறனீங்கள்!"

யாரோ சிரித்தார்கள். நான் வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போகாதேங்கோ. எதிர்ப்பக்கத்திலை நிண்டு பாருங்கோ. நான் ஒண்டும் சொன்னதா இருக்க வேண்டாம்."

ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரப் பூசைக்கு நான் போய்விடுவேன். மனைவி கோயில் படி ஏற ஏலாது என்று வீட்டிலேயே விளக்கு வைப்பாள். அந்த வெள்ளி நான் கோயிலுக்கென்று புறப்பட்டு, பூட்டிய சலூனின் கதவோரம் நின்றேன். யாரைப் பிடிக்கப்போகிறேன், பிடித்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் புடவைக்கடைப் பெண் வந்தாள். கையில் பிளாஸ்டிக் கோப்பை. வேலிக்கு மேலால் கையை நீட்டி ஊற்றிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். பிறகு நகைக்கடைக்காரர். பிறகு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும், வன்னியில் இருந்து வந்த ஒரு மனிதர், எவர்சில்வர் டம்ளரோடு. அதன்பிறகு எங்கள் கட்டடத்தின் தெருக் கதவு திறந்தது. ஒரு கையில் தடி, ஒரு கையில் எங்கள் வீட்டுச் செம்பு. என் மனைவி ஒவ்வொரு அடியாய் வைத்து வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லி, செம்பைக் கவிழ்த்தாள்.

கடைசியாகத் தம்பி வெளியே வந்தார். சலூன் கதவோரம் நிற்கும் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் கோப்பையையும் ஊற்றினார்.

நாவூறு, கண் திருஷ்டி, கழித்த உப்பு. ஊரில் என்றால் ஆளையோ வாசலையோ சுற்றி, உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போடுவார்கள். இங்கே மின்சார அடுப்பு. புகை வந்தால் கூரையில் இருக்கும் கருவி கத்தும். ஆகவே இரண்டையும் தண்ணீரில் போட்டுக் கரைத்து, கால் மிதிபடாத இடத்தில் ஊற்றவேண்டும். பாரிஸ் நடைபாதையில் கால் மிதிபடாத இடம் எது? இத்தனை வருடமும் ஆளாளுக்குச் சமாளித்தார்கள். இப்போது மெரி செலவழித்து, வேலியும் போட்டு, அப்படி ஓர் இடத்தை எங்கள் வாசலில் கட்டித் தந்திருக்கிறது. ஐந்து வாசல், ஐந்து கை கல்லுப்பு, வாரா வாரம்.

வீட்டுக்கு வந்தேன். அவள் செம்பைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கோயிலாலை வெள்ளன வந்திட்டியள்."

"நான் கோயிலுக்குப் போகேல்லை. நீர் பாத்திக்குள்ளை என்ன ஊத்தினீர்?"

மறைக்கவில்லை. "உப்புத் தண்ணி. ஏன்?"

"செடியெல்லாம் செத்துப்போச்சு. உப்பு பட்டால் செடி சாகும் எண்டு தெரியாதோ உமக்கு?"

"ஒரு கை உப்புக்கோ?"

"உம்மடை மட்டுமில்லை, ஐஞ்சு வீட்டு உப்பு. ஆர் அவையளுக்கு அந்த இடத்தைக் காட்டினது?"

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "புடவைக்கடைப் பிள்ளை கேட்டாள், எங்கை ஊத்துறீங்கள் அக்கா எண்டு. சொன்னனான். தண்ணி திரும்ப இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது எண்டுதான் ஊத்தினனான். வந்ததோ? வரேல்லைத்தானே!"

தண்ணீர் வராமல் இருந்தது பாத்தியால் என்று நான் நம்பினேன், உப்பால் என்று அவள். இரண்டு பேரும் ஒரே ஓட்டைக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம். இனி ஊற்றவேண்டாம் என்றேன். அதற்கு ஓம் என்றாள். அது எந்த ஓம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒக்டோபர் கூட்டத்துக்கு நான் ஒரு முடிவோடு போனேன்: வெயில் கூடிப்போனது என்று மட்டும் சொல்வது, உப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. மனைவியை இன்னும் கூடாது. இந்தத் தடவை தமிழர் ஆறு பேர் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். செடிகள் நாற்பத்தொன்றுதான் மிச்சம்.

நாய் மதாம் எழுந்தாள். கடைக்காரர்கள் கழிவை ஊற்றுகிறார்கள், எல்லோருக்கும் தெரியும் என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் உடனே, உங்கள் நாய் செய்வதை விடவா என்றார். சத்தம் கூடியது. மெரிப் பெண், பாத்தியை எடுத்துவிட விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். பதினான்கு கைகள். மண்டபத்தில் இருபத்தொன்பது பேர். இன்னும் ஒரு கை உயர்ந்தால் முடிந்தது. பக்கத்து வரிசையில் ஒருவர் பாதி தூக்கிய கையால் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். என் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை.

பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. தம்பி எழுந்து நின்றார்.

"மதாம், உப்பு," என்றார் பிரெஞ்சில். "அது நாங்கள்தான். வெள்ளிக்கிழமைகளில்."

ஏன் என்று அந்தப் பெண் கேட்டாள். தம்பி என்னைப் பார்த்தார்.

"அண்ணை, எழும்புங்கோ. எனக்கு இதுக்கு மேலை பிரெஞ்சு காணாது. செருப்புப் போடேக்கை கதைச்சுப் பிரயோசனமில்லை."

எழுந்தேன். நாவூறு, உப்பு, நெருப்பில்லாத அடுப்பு, கால் படாத இடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டு ஓட்டையையும் சொன்னேன். ஊற்றியவர்களில் என் மனைவியும் ஒருத்தி என்றும் சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். நாய் மதாம் மட்டும், "அப்படியானால் இனி யாரும் என் நாயைக் குறை சொல்லக்கூடாது," என்றாள்.

மெரிப் பெண் பேனாவை எடுத்தாள். எத்தனை வீடு, எவ்வளவு உப்பு என்று கேட்டாள். பிறகு, "மண்ணில்தான் ஊற்றவேண்டுமா?" என்றாள்.

நான் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தேன். "தேவையில்லை, கால் படாமல் இருந்தால் காணும்," என்றாள் புடவைக்கடைப் பெண், தமிழில். நான் அதை மொழிபெயர்த்தேன்.

வரைபடத்தை விரித்தார்கள். பாத்தியின் கீழ்முனைக்கு ஒரு மீற்றர் தள்ளிப் பழைய கழிவு வாய் ஒன்று, ஓரக்கல்லோடு இருக்கிறது. வேலியை அதுவரை நீட்டிவிட்டால் அந்த வாயும் யாரும் மிதிக்காத இடமாகிவிடும். உப்பு மண்ணுக்குப் போகாமல் நேரே குழாய்க்குப் போகும். இதை முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை தகராறு. தம்பி தானென்கிறார். நாய் மதாமும் தானென்கிறாள். மறுபடி கை தூக்கச் சொன்னபோது பாத்தியை எடுக்க ஒன்பது பேர்தான். இன்னும் ஒரு வருடம் கிடைத்தது.

வேலியோர மண்ணை அள்ளி எடுத்துப் புது மண் போட்டார்கள். அடுத்த கோடையில் செடிகள் எண்பத்தெட்டு. ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரமே வானம் சட்டிக் கரியாக இருண்டது. ஒப்பந்தம் முடிய அடுத்த மாதம். மனைவி செம்பைக் கையில் எடுத்தபோது முதல் துளிகள் விழுந்தன.

"இண்டைக்கு வேண்டாம், வழுக்கும்," என்றேன்.

"இண்டைக்குத்தான் வேணும்," என்றாள்.

முற்றத்துக்குள் தம்பி ஓடிவந்தார். பாத்தி நிரம்புகிறதா என்று பார்த்துச் சொல்ல வந்தவர், படியில் செம்போடு நின்ற அவளைக் கண்டார். "தாங்கோ அக்கா," என்று அதை வாங்கிக்கொண்டு மழைக்குள் போனார்.

நான் குளியலறையில் முழந்தாளிட்டேன். ஓட்டை ஏப்பம் விட்டது. பிறகு சத்தமில்லை. கறுத்த தண்ணீர் மேலே வந்தது. ஓட்டையின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது. அது அப்படியே நின்று ஆடியது. பின்னால் அறையில் மனைவி கால்களைக் கட்டிலில் தூக்கிவைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஒரு தடவை விளிம்பைத் தொட்டது. பிறகு, யாரோ கீழே இருந்து உறிஞ்சுவதுபோல, மெதுவாக இறங்கத் தொடங்கியது.

"அண்ணை!" முற்றத்தில் இருந்து தம்பியின் குரல். "பாத்தி முட்டிப்போச்சு. ஆனால் குடிக்குது! உள்ளுக்கு வந்ததோ?"

"இல்லை," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

செப்டம்பரில் வீட்டுக்காரர் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார், மூன்று வருடத்துக்கு. அது பிறகு நடந்தது. அன்று பின்னேரம் தம்பி வெறும் செம்போடு எங்கள் படியில் சொட்டச் சொட்ட நின்றார். நான் இன்னும் ஓட்டையை விட்டு எழும்பவில்லை. பாத்தியாலா, உப்பாலா என்று மனைவி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"அவரை உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ," என்றாள். "நனையிறார். துவாய் கொடியிலை கிடக்கு."